ஜகத்ராயா என்ற பெயரின் எடை

கெப்புஹான் பேட்டையின் செயலாளர் வுர்யானி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, தமக்கு உடன்பிறந்த தம்பி ஒருவர் உண்டு என்பதை மறந்துபோனார். அதே நேரத்தில் அத்தம்பியின் மனைவியும் இரு மகள்களும் அண்டை அயலாரும் அவரை மறந்தனர். முந்தின நாள் மாலை, தம்பியின் பெயரை மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல் வேறோர் இடத்திலிருந்து வுர்யானி மாற்றியதே இதற்குக் காரணமாகும்.

வுர்யானிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. திருமணம் செய்துகொள்ளாத பெண்மணி. சோலோ நகர அஞ்சலகத்தில் முப்பத்தோராண்டு கடிதம் பிரித்தவர். தேநீரைப் பாகு போலக் காய்ச்சிக் குடிக்கும் அந்நகரத்தில் அவர் ஒருவரே சர்க்கரையின்றிக் குடித்தார். கணினியின்முன் அமர்வதற்கு முன் செருப்பைக் கழற்றி வாசலில் வைப்பார். யார் பெயரைச் சொன்னாலும் எழுத்தெழுத்தாக மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே எழுதுவார். ஒரு செய்தி தமக்குத் தெரியும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பதிவில் இருக்கிறது என்றே சொல்வார்.

அந்தப் பதிவு பேட்டைக் கூடத்தின் மடிக்கணினியில் இருந்தது. ஏழாண்டுகளுக்கு முன் பெங்காவான் ஆறு பெருகிக் காகித ஏடுகள் கூழானபின், வுர்யானி எல்லாவற்றையும் அதில் புதிதாக எழுதினார். வீட்டுக்கு ஒரு குறிப்பு, ஆளுக்கு ஒரு குறிப்பு, கிணற்றுக்கு ஒன்று, மதில் தாண்டிக் கிளை நீட்டும் மாமரத்துக்கு ஒன்று. ஒரு குறிப்புக்குள் வேறொரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால், அதைத் தொட்டதும் அப்பெயருக்குரிய குறிப்பு திறக்கும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கெப்புஹானில் இவ்விணைப்புகள் கணினிக்கு வெளியிலும் செல்லுபடியாயின. இரண்டாம் ஆண்டில் வாய்க்கால் மதகின் குறிப்பை வுர்யானி கைத்தவறுதலாகத் தேநீர்க்காரர் தோயிபின் வீட்டுக் கூரையோடு இணைத்துவிட்டார். அன்று முதல் பதினொரு நாள், மாலை நான்கு மணிக்கு மதகு திறக்கும்போதெல்லாம் தோயிபின் கூரையும் திறந்துகொண்டது. தோயிப் வந்து சொன்னார், வுர்யானி திருத்தினார், கூரை மூடிக்கொண்டது. பேட்டையில் யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பு மற்றொன்றைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, முதலாவது இரண்டாவதன்மேல் சாய்கிறது. தாங்கும் குறிப்புக்குரிய ஆளுக்குக் கொஞ்சம் எடை கூடும். சாதாரண மனிதர்மேல் ஐந்தாறு குறிப்புகள் சாய்ந்திருக்கும்; அது உடம்புக்குத் தெரியாது. வுர்யானியின் தம்பி ஜகத்ராயாவின்மேல் நூற்று நாற்பத்து மூன்று குறிப்புகள் சாய்ந்திருந்தன.

ரயில்வேயில் வேலை பார்த்த தந்தை, முதல் ஆண் பிள்ளை என்ற பெருமிதத்தில், அகன்ற உலகம் என்று பொருள்படும் அப்பெயரை வைத்தார். பெயருக்கேற்பவே ஆயிற்று. பம்பு நின்றால் ஜகத்ராயா, இறந்தவரை நீராட்ட ஜகத்ராயா, திருமணத்துக்கு ஒலிபெருக்கி கட்ட ஜகத்ராயா, வாத்து யாருடையது என்ற வழக்கைத் தீர்க்கவும் ஜகத்ராயா. நாற்பத்தைந்தாம் வயதில் அவருடைய காலடிகள் தாரில் பதியத் தொடங்கின. ஐம்பதில் மூன்றாம் சந்தின் புதிய சிமெண்டுப் பாதை அவர் கால்பட்ட இடமெல்லாம் கிண்ணமாயிற்று. மழைக்குப்பின் கோழிகள் அதில் நீர் குடித்தன. தொழுகை வரிசையில் அவர் ஒருவர் மட்டும் நான்கு விரற்கடை தாழ்ந்து நின்றார். சுகாதார நிலைய மருத்துவர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஐம்பத்திரண்டில், ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்று பேசினால் கணுக்கால்வரை தரையில் இறங்கிவிடும் நிலை வந்தபோது, அவர் மனைவி லஸ்மினா நாத்தனாரிடம் வந்தார்.

"நூத்துச் சொச்சம் பேரு தலைமேல ஏறி உக்காந்தா மனுசன் எப்பிடி அண்ணி நிமிருவான்? மாத்திரையும் மண்ணாங்கட்டியும்! இது பேரோட கனம். மாத்திப்புட வேண்டியதுதான்."

பெயரின் பாரம் தாங்காமல் நோயுறுகிறவருக்குப் பெயர் மாற்றுவது ஜாவாவில் யாவரும் அறிந்த முறை. வெல்லமிட்ட சிவப்புக் கஞ்சியும் வெல்லமிடாத வெள்ளைக் கஞ்சியும் சமைத்துப் பேட்டைக்கு வழங்கினர். நலமானவன் என்ற பொருளில் வாராஸ் எனும் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்குடும்பத்து வழக்கப்படி, பெயர் மாற்றம் வீட்டுக்குள் நடக்கலாகாது. ஆளைப் பின்கதவு வழியாக வெளியே கொண்டுபோய், தெருவில் நிறுத்திப் புதுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முன்கதவு வழியாக உள்ளே அழைக்க வேண்டும். "உள்ளயே வச்சு மாத்தினா பழைய பேரு ஒட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கும் அண்ணி. விடாது" என்று லஸ்மினா பலமுறை எச்சரித்திருந்தார்.

பிழை இங்கேதான் நேர்ந்தது. குறிப்பு மென்பொருளுக்குள் இருந்தவாறே பெயரை மாற்றியிருந்தால், அது அந்தப் பெயர் வரும் நூற்று நாற்பத்து மூன்று இடங்களிலும் தானே திருத்திக்கொடுத்திருக்கும். வுர்யானி இதை நன்கு அறிந்தவர். பிறருக்கும் சொல்லிக் கொடுத்தவர். ஆயினும், வீட்டுக்குள் மாற்றலாகாது என்ற சொல் மனத்தில் ஊன்றியிருந்தமையால், மென்பொருளை மூடிவிட்டு, அதற்கு வெளியே உள்ள வெறும் கோப்புப் பட்டியலில் போய், ஜகத்ராயா என்பதை அழித்து வாராஸ் என்று எழுதினார். மற்ற இடங்களை மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகக் கையால் திருத்திக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். மறுநாள் காலையில் யாருக்காகத் திருத்த வேண்டும் என்பதே அவருக்கு நினைவில்லை.

வாராஸ் அன்று விழித்தபோது பாயைவிட்டு ஒரு சாண் உயரத்தில் கிடந்தார். முதுகு வலி இல்லை. கிணற்றடிக்குப் போனார், வழியில் யாரும் பம்பு என்று கூப்பிடவில்லை. அவருக்கு அது மிகவும் இனிதாக இருந்தது. திரும்பி வரும்போது தம் வீட்டைக் காணவில்லை. வீடு அங்கேயே இருந்தது. அவரைக் கண்டதும் சந்து வீட்டை எட்டுவதற்கு முன்னமே முடிந்துபோயிற்று. மூன்று முறை முயன்றபின், ஆற்றுப்பாலத்தருகே உள்ள பேருந்து நிழற்குடைக்குப் போய், காற்று அடித்துக்கொண்டு போகாதபடி இடுப்பில் உடுத்தியிருந்த சாரோங் கைலியின் நுனியைத் தூணில் கட்டிக்கொண்டு, இருக்கைக்கு இரண்டு சாண் மேலே அமர்ந்தார். லஸ்மினா அன்று மூன்று தட்டுகளே வைத்தார். வுர்யானி நாள்தோறும் அவ்வழியே போனார். "கொஞ்சம் நகந்துக்குங்க, குடை இடிக்குது" என்று ஒருமுறை சொன்னதாக வாராஸ் பின்னர் நினைவுகூர்ந்தார்.

கணினியில் நூற்று நாற்பத்து மூன்று இணைப்புகள் வெளிறின. வெறும் பெயராய், சேருமிடம் இல்லாத சொல்லாய், ஜகத்ராயா என்பது எஞ்சி நின்றது. பேட்டைக் கூட்டத்தில் வுர்யானி அதைப் படித்துக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

"கேட்ட பேராத்தான் இருக்கு. நாக்கு நுனியில நிக்குது" என்றார் தோயிப். "ஏதாவது வயித்து வலி மருந்தா இருக்குமோ?"

அப்பெயர் அவ்வாறு எல்லாருடைய நாவிலும் உரிமையாளரின்றி உலவிக்கொண்டிருந்த நாள்களில், நான்காம் சந்தில் கினந்தி என்பவர் தலைப்பிள்ளையைப் பெற்றார். ஐந்தாம் நாள் பெயர் சூட்டுவது மரபு. கினந்தியின் கணவர் போவோ நிறையப் பெயர்களை ஆராய்ந்து களைத்தவராய், "வாயத் தொறந்தாலே அந்தப் பேருதான் வருது. சும்மாதானே கெடக்கு, நம்ம புள்ளைக்கு வச்சிருவோம்" என்றார். பிள்ளை ஜகத்ராயா ஆனது. வுர்யானி மூன்று முறை எழுத்துக் கேட்டுப் புதிய குறிப்பைத் தொடங்கினார். அவர் பெயரை எழுதி முடித்த கணத்தில், வெளிறிக் கிடந்த நூற்று நாற்பத்து மூன்று இணைப்புகளும் கறுத்துத் தெளிந்தன. அறுந்த இணைப்பு எதுவும் இல்லை என்று கணினி அறிவித்தது. வுர்யானி மனநிறைவோடு இரண்டாவது கோப்பைத் தேநீர் அருந்தினார்.

மறுநாள் காலை கினந்தியால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. முந்தின நாள் செவிலியின் தராசு மூன்று கிலோ இருநூறு கிராம் என்றே காட்டியிருந்தது. ஆனால் நான்கு ஆடவர் சேர்ந்தும் தொட்டிலை அசைக்க இயலவில்லை. கினந்தி தரையில் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தார். அதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டனர். ஒருவருக்குப் பம்பு நின்றிருந்தது. ஒருவர் வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாம் சந்தில் ஒரு முதியவர் இறந்திருந்தார். அவர் மக்கள் தொட்டிலருகே வந்து, நீராட்ட எப்போது வருவீர்கள் என்று பணிவாகக் கேட்டு, பிள்ளை தூங்குவதைக் கண்டு, எழும்வரை காத்திருந்தனர். தொட்டிலின் கால்கள் தரையில் பதித்த ஓடுகளைப் பிளந்து மண்ணுக்குள் இறங்கின. போவோ செங்கல்லால் சுவரில் கோடு போட்டு நாள்தோறும் அளந்தார். முப்பத்தைந்தாம் நாள், முடி களையும் விழாவன்று, பிள்ளையின் மூக்கு தரைமட்டத்துக்குக் கீழே போய்விடும் என்று கணக்கு வந்தது.

கினந்தி கூடத்துக்கு வந்தார். "அம்மா, பேர மாத்திருங்க. இப்பவே மாத்திருங்க. பேரு ஒண்ணுக்காக எம்புள்ளைய மண்ணுக்குக் குடுக்க முடியுமா?"

வுர்யானி உடனே மாற்றவில்லை. மென்பொருளுக்குள் மாற்றினால் எல்லா இணைப்புகளும் புதுப்பெயரின் பின்னாலேயே போய்ப் பிள்ளையின்மேல்தான் சாயும். வெளியிலிருந்து மாற்றினால் பிள்ளை இலேசாகும். ஆனால் தாயின் குறிப்பிலும் இணைப்பு அறுந்து, தாய் அதை மறப்பாள். இரண்டையும் கினந்திக்கு விளக்கினார். கினந்தி அழுகையை நிறுத்தி, "அப்ப வேற என்ன வழின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வுர்யானி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, பிள்ளையின்மேல் சாயும் குறிப்புகளை எண்ணினார். நூற்று நாற்பத்தாறு. தாய், தந்தை, சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குறிப்பு ஆகிய மூன்று, பெயர் சூட்டியபின் எழுதப்பட்டவை. மற்றவை யாவும் பழையன. சிலவற்றுக்கு வயது ஏழு. பிறப்பதற்கு ஏழாண்டு முன்னே ஒரு பிள்ளை பம்பு பழுது பார்த்திருக்க இயலாது என்று வுர்யானி முடிவு செய்தார். ஆகவே வேறொரு ஜகத்ராயா இருந்திருக்க வேண்டும். பெயர் போனாலும் அவர் குறிப்பு எங்கேனும் கிடக்க வேண்டும். பதிவின் வரைபடத்தை விரித்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகள் கோடுகளால் பின்னிக் கிடந்தன. ஓர் ஓரத்தில், வாராஸ் என்ற புள்ளியிலிருந்து கோடுகள் வெளியே சென்றன. அதை நோக்கி ஒன்றும் வரவில்லை. திறந்தார். மனைவி லஸ்மினா என்றிருந்தது. மகள்கள் இருவர் பெயரும் இருந்தன. அக்கா வுர்யானி என்றிருந்தது.

அவ்வரியைத் தமக்குத் தாமே மூன்று முறை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டார். பெயர் தெரியாமல் பாலத்தருகே மிதந்துகொண்டிருந்த ஆள் நினைவுக்கு வர, குடையை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

"வாராஸ்ங்கிறது நீங்களா?"

"வந்துட்டியாக்கா" என்றார் மேலே மிதந்தவர். "இருபது நாளா என்னத் தாண்டித்தான் போற."

"பதிவுப்படி நீங்க என் தம்பி. முகம்தான் எனக்குத் தெரியல. மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு. முதல்ல ஒரு சோத்துப் பொட்டலம் வாங்கிக் குடு. தோயிப்கிட்ட கடன் சொன்னா யாருய்யா நீன்னு கேக்குறான். அவன் மக கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் நான்."

தேங்காய்ப்பால் சோற்றை அவர் உண்டு முடிக்கும்வரை வுர்யானி காத்திருந்து, நடந்ததைச் சொன்னார். வாராஸ் விரல்களைத் துடைத்துக்கொண்டார். தம் வாழ்நாளில் முதுகு வலியின்றி இருந்த இருபது நாள் இவைதாம் என்றும், இப்படியே விட்டுவிட முடியுமா என்றே கேட்க நினைத்ததாகவும் சொன்னார். "ஆனா பச்சப் புள்ள தலையில என் சொமைய வச்சிட்டு நான் மேல மெதந்துக்கிட்டிருக்க முடியாதுக்கா. கட்டு. பொண்டாட்டி புள்ளைங்கள முதல்ல எம்பேரோட கட்டு."

"எல்லாத்தையும் ஒரே சொடுக்குல உங்க பேருக்கு மாத்தலாம். ரெண்டு நிமிசம் ஆகாது" என்றார் வுர்யானி. "மாத்தினா நீங்க இடுப்பு வரைக்கும் இறங்கிருவீங்க. அதனால மாத்தமாட்டேன். ஒண்ணொண்ணா வீட்டுக்குப் போயிக் கேட்டு, பிரிச்சுத்தான் கட்டணும். ஒண்ணுகூட அறுபடக் கூடாது."

அன்றைக்குப் பிள்ளை பிறந்து பதினொரு நாள். லஸ்மினாவின் குறிப்பிலும் மகள்களின் குறிப்புகளிலும் பழைய பெயரின் இடத்தில் வாராஸ் என்று எழுதியவுடன், நிழற்குடையில் அவர் கால் தரையைத் தொட்டது. சந்து வீடுவரை நீண்டது. லஸ்மினா வாசலில் நின்று, "எங்கய்யா போய்த் தொலஞ்ச இத்தன நாளா? தாடியப் பாரு, துடைப்பக்கட்டை மாதிரி" என்று கத்திவிட்டு, உள்ளே போய் நான்காவது தட்டை எடுத்து வைத்தார். நான்காம் சந்தில் தொட்டில் ஒரு மயிரிழை உயர்ந்ததைக் கினந்தி மட்டும் கண்டார்.

அடுத்த நாள் முதல் வுர்யானி பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வாராஸ் குடை பிடித்துக்கொண்டு உடன் நடந்தார். யார் இவர் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டனர். "பதிவுப்படி என் தம்பி" என்று வுர்யானி ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். முதலில் தோயிபிடம் போனார்கள்.

"உங்க குறிப்புல, சாயங்காலம் வண்டியத் தள்ளிவிட ஜகத்ராயான்னு இருக்கு."

"ஆமாம்மா. அவருதான் வரணும்."

"தொட்டில்ல கெடக்குற புள்ளையா?"

தோயிப் தலையைச் சொறிந்தார். "மனசு அவருதான்னு சொல்லுது. போய்ப் பாத்தா வெரல் சூப்புது. அதான் நாலு நாளா கடையே தொறக்கல."

"ஒத்தச் சக்கரம் கோணியிருக்கு, அத நேராக்கினா நீங்களே தள்ளிரலாம். உங்க தங்கச்சி புருசன் என்ன வேல பாக்குறாரு?"

"சக்கரம் நேராக்குற பட்டறை வச்சிருக்காரு" என்றார் தோயிப், அப்போதுதான் அதை நினைத்துப் பார்த்தவர்போல.

பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருந்தது. பம்பு நின்ற வீட்டில் தொழிற்கல்வி முடித்த மருமகன் மாடியில் புறா வளர்த்துக்கொண்டிருந்தான். வாத்து வழக்குக்காரர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசி ஆறு ஆண்டு ஆகியிருந்தமையால்தான் நடுவர் தேவைப்பட்டார். ஒருவருக்கொருவர் நேரே இணைப்பு எழுதியதும், வாத்துக்கு வண்ணம் பூசிக்கொள்வதென அவர்களே முடிவு செய்தனர். இறந்தவரை நீராட்டுவது போன்ற பெரும் பணிகளுக்கு வுர்யானி தனிக் குறிப்புத் தொடங்கி, அதனடியில் மூன்று மூன்று பேரை எழுதினார். கேட்பவர் குறிப்பின்மேல் சாய, குறிப்பு மூவர்மேல் பகிர்ந்து சாய்ந்தது. அம்மூவரும் ஆளுக்கு அரை நகக்கண் அளவு தரையில் தாழ்ந்ததைச் செருப்புத் தைப்பவர் தவிர வேறெவரும் அறியவில்லை. வாராஸ் தாமே விரும்பி வைத்துக்கொண்டவையும் இருந்தன. பாலத்து விளக்கு, பெருநாள் முரசு, கண் தெரியாத ஒருவருக்குக் கடிதம் படிப்பது. அவற்றை அவர் பெயருக்கு மாற்றும்போது வுர்யானி ஒவ்வொன்றுக்கும் அவருடைய காலைக் குனிந்து பார்த்தார்.

புது முடிச்சு போட்டு, இழுத்துப் பார்த்து, அதன்பின்பே பழையதை அவிழ்ப்பது என்று அவர் ஒரு நெறி வைத்திருந்தார். பதினெட்டாம் நாள் அவசரத்தில் ஒரே ஒரு முறை அதை மீறினார். இரண்டாம் சந்துக் கிணற்றின் தூர்வாரும் பொறுப்பை முதலில் அவிழ்த்துவிட்டு, யாருக்கு எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில், கிணற்றுக் கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. வாளி அடியையும் தொடவில்லை, நீரையும் தொடவில்லை. இறைக்க வந்த பெண்கள் கயிற்றைப் பிடித்தவாறே அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தனர். வுர்யானி அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அந்நெறி பிறழவில்லை.

பேட்டைத் தலைவர் ஒருமுறை கூடத்துக்கு வந்து, இவ்வளவு பாடு எதற்கு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாமே என்றார். வுர்யானி தாளிலிருந்து தலையை உயர்த்தாமல், "அழிக்கலாம். உங்க வீட்டுக்காரம்மா பேரும் இதுலதான் இருக்கு" என்றார். தலைவர் பிறகு அப்பக்கம் வரவில்லை. மழை பிடித்தது, சந்துகளில் முழங்கால் நீர் நின்றது, வுர்யானிக்குக் காய்ச்சல் கண்டது. அவர் கஷாயத்தைக் குடுவையில் ஊற்றி எடுத்துக்கொண்டு நடந்தார். நாளொன்றுக்கு ஆறு வீடு, சில நாள் ஏழு. ஒவ்வொரு மாலையும் போவோ சுவர்க் கோட்டைப் பார்த்துவிட்டு வந்து, நகம் அளவு, கட்டைவிரல் அளவு என்று கையால் காட்டிவிட்டுப் போனார். தொட்டிலின் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிலிருந்து வெளியே வந்தன.

முப்பத்து நான்காம் நாள் பிற்பகலில் பட்டியலில் ஒன்றுதான் எஞ்சியிருந்தது. தம் சொந்தக் காரியத்தைக் கடைசியில் பார்ப்பது அஞ்சலகத்தில் பழகியது. தொட்டிலின் கால்கள் இன்னும் ஒரு விரற்கடை தரைக்குள் நின்றன. கினந்தி காலை முதல் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வுர்யானி தம்முடைய குறிப்பைத் திறந்தார். மற்ற நூற்று நாற்பத்திரண்டிலும் பெயரின் அருகே எதற்காக என்பது இருந்தது. இதில் ஜகத்ராயா என்ற பெயர் மட்டுமே இருந்தது.

"எதுக்குன்னு எழுதல" என்றார் வுர்யானி. "உங்களுக்குத் தெரியுமா?"

வாராஸ் சன்னலோரம் ஈரக் குடையை உதறிக்கொண்டிருந்தார். "எதுக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே எழுதுவ. எல்லாத்துக்கும்தான்."

"புரியலையே."

"நூத்து நாப்பத்தி ரெண்டையும் எழுதுனது யாரு? பாரு, எல்லாம் உன் கைதான். ஒருத்தன் வந்து பம்பு நின்னுபோச்சும்பான். நீ தலையத் தூக்காமயே என் பேர எழுதிருவ. செத்த வீடுன்னு வருவாங்க, எழுதிருவ. யோசிக்க நேரமில்லாதப்ப எல்லாம் நான்தான். ஒருநாள் உன் ஏட்டுலயும் சும்மா எழுதி வச்சிக்கிட்ட." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "நான் மாட்டேன்னு சொன்னதில்லக்கா. நீ கேட்டதும் இல்ல."

வுர்யானி கணினிப் பக்கம் திரும்பினார். ஒவ்வோர் இணைப்பும் எழுதப்பட்ட நாளையும் எழுதியவர் பெயரையும் பதிவு காட்டும். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எழுதியவர் வுர்யானி, எழுதியவர் வுர்யானி என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஏழாண்டில் ஒரு நாளும் அவர் அந்தப் பத்தியைப் பார்த்ததில்லை. பிழை இருந்தால்தானே பார்க்க வேண்டும். மழை விட்டு, கூடத்தின் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் வாராஸ் என்று எழுதினார், அதன் பக்கத்தில், தம்பி என்ற ஒரு சொல்லை எழுதினார், இழுத்துப் பார்த்தார், பழையதை அவிழ்த்தார். நான்காம் சந்தில் கினந்தி ஒரு கையால் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிள்ளை அப்பெயரோடும் மூன்று இணைப்புகளோடும் நன்றாக வளர்ந்தது. தொட்டிலின் கால்கள் பதிந்த நான்கு குழிகளைப் போவோ அடைக்கவில்லை. அவற்றில் வெங்காயமும் பூண்டும் போட்டு வைப்பது அவ்வீட்டாருக்கு வசதியாக இருந்தது. வாராஸ் அதன்பின் ஒரு விரற்கடைக்குமேல் தாழ்ந்ததில்லை. அந்த அளவு தாழ்வு கெப்புஹானில் எல்லாருக்கும் உண்டு என்பது அடுத்த ஆண்டு பேட்டைப் பாதைக்குச் சிமெண்டு போட்டபோது தெரியவந்தது.

ஆனால் அன்று பிற்பகல், பழைய முடிச்சு அவிழ்ந்த கணத்தில், சன்னலோரம் நின்றவரின் முகம் வுர்யானிக்கு வந்தது. இடது புருவத்து வெட்டு, தந்தையின் தாடை, முன்பல்லின் சந்து, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உரிய இடத்தில் அமர்ந்தன. அவர் கணினியை மூடினார். எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். குடைக்காகக் கையை நீட்டினார்.

"இனிமே உன் பேர எழுதுறதுக்கு முன்னாடி உன்ன ஒரு வார்த்த கேக்குறேன்டா" என்றார்.